சைவப் பெண்ணும் காலாங் ஆற்று மீனும்

மீன் பிடிக்கிறவர் தின்பார், மீன் விற்கிறவர் காசு பார்ப்பார். அதே மீனை அமிலத்தில் கரைத்து, ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டுக் கை கழுவுகிறவர்கள் நாங்கள்.

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ஆறுகள் இருந்த இருப்பை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலாங் ஆற்றோரம் படகுப் பட்டறை, பேட்டரி பழுதுபார்க்கும் கொட்டகை, முலாம் பூசும் கடை என்று வரிசையாக இருக்கும். எல்லாருடைய கழுவு நீரும் ஆற்றில்தான் வந்து சேரும். ஆற்றைச் சுத்தம் செய்வதற்கு முன்னால், அதில் இருக்கிற மீனுக்குள் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேலை ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்குக் கிடைத்தது. பாதரசம், காரீயம், காட்மியம். கன உலோகங்கள் என்பார்கள். நிறம் தெரியாது, வாசனை வராது, ருசியும் மாறாது. அந்தச் சோதனைக்கூடத்தில் நான் உதவியாளர். சோதனைக்கூடத்தில் காலம் தள்ளிய யாராவது இதைப் படித்தால் நான் பட்ட பாட்டைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வேலை கிடைத்த விதம்

எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டாது. நேர்முகத் தேர்வில் தலைமை வேதியியலாளர் மிஸ்டர் டான், "மீன் அறுக்கத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வேலை போய்விட்ட நேரம் அது. யானை குளிப்பாட்டத் தெரியுமா என்று கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் நாளே ஒரு மடவை மீனைக் கொண்டுவந்து என் முன்னால் பலகையில் வைத்தார்கள். இரும்பு படக் கூடாதென்று கையில் பிளாஸ்டிக் கத்தி. மீன் என்னைப் பார்த்தது, நான் மீனைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன். திறந்து பார்த்தால் மீன் முழுசாக இருக்கிறது, என் கையுறைதான் கிழிந்திருக்கிறது. மிஸ்டர் டான் பக்கத்தில் வந்து நின்று, "நீ மீன் சாப்பிட்டதே இல்லையா?" என்றார். வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு, "இல்லை சார், நாங்கள் சைவம்" என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்லது! உனக்கு முன்னாடி இருந்தவர் சாம்பிளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் குழம்பு வச்சிட்டார் லா!"

பேருந்தில் ஒரு பெட்டி

எங்கள் வேன் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலாங்கிலிருந்து புக்கித் தீமாவில் இருந்த சோதனைக்கூடத்துக்குப் பேருந்தில் போவேன். ஒருநாள் தேக்காச் சந்தை நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. சந்தைப் பையோடு ஓர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலை நெரிசலில் ஐஸ் உருகி, பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி, அவருடைய செருப்பை நனைத்தது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். "மீனா? திற பாப்போம்" என்றார். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள். அந்த மாதிரிக் குரல் உள்ளவர்கள் திற என்றால் யாராக இருந்தாலும் திறந்துவிடுவார்கள்.

"கெளுத்தி! என்னா சைஸு! எங்க வாங்குனே?" என்றார். "வாங்கல அக்கா, ஆத்துல பிடிச்சது. சாப்பிடக் கூடாது. உள்ளே காரீயம், பாதரசம் எல்லாம் இருக்கான்னு சோதனை பண்ணப் போறோம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முன் இருக்கையில் இருந்த தோழியின் தோளைத் தட்டி, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாத்தியா, நல்ல மீனு பூரா ஆபீஸருங்க வீட்டுக்குப் போவுது. நம்ம கேட்டா மட்டும் விஷமாம்!"

ஆற்றில் இல்லாத துத்தநாகம்

மரியதாஸ் எங்கள் களப்பணியாளர். வலை வீசுவது, மீன் பிடிப்பது, கரையில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடற்குழுவில் கனத்த குரலில் பாடுவார். மற்ற நாட்களில் அதே குரலில் வெயிலைத் திட்டுவார்.

ஒரு வாரம் எந்த மீனை எடுத்தாலும் துத்தநாகம் எகிறியது. மிஸ்டர் டானுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆற்றில் யாரோ புதிதாக எதையோ கொட்டுகிறார்கள் என்று கரையோரமாகவே நடந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் மீனே போடாமல் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சோதித்தோம். அதிலும் துத்தநாகம்! கண்ணாடிக் குடுவைகளை மறுபடி கழுவினோம், அமிலத்தை மாற்றினோம், கையுறையை மாற்றினோம். எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் மரியதாஸ் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து வேர்க்குருப் பவுடர் டப்பாவை எடுத்தார். எடைத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கழுத்தில் ஒரு கை, மார்பில் ஒரு கை, அக்குளில் ஒரு கை என்று அடித்துக்கொண்டார். வெள்ளையாய்ப் புகை எழும்பி மெல்ல மெல்லத் தராசில் இறங்கியது. அந்தப் பவுடரில் இருப்பதே துத்தநாகம்தான். மிஸ்டர் டான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இந்த நாட்டுக்குத் தொழிற்சாலையே தேவையில்லை. மரியதாஸ் ஒரு தடவை ஆத்துல குளிச்சா போதும்."

பெண் பார்க்க வந்தவர்களும் பூனைகளும்

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கென்று ஒரு பூனைப் படை உண்டு. நான் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தால் நடைபாதை நெடுகப் பின்னால் வரும். எத்தனை சோப்புப் போட்டாலும் பூனையை ஏமாற்ற முடியாது. ஈசூனிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் சுத்த சைவம். "பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஆராய்ச்சி பண்றா" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். எந்த ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, இரும்புக் கதவுக்கு வெளியே பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று கம்பிக்குள் தலையை விட்டு, என்னைப் பார்த்து உருகி உருகிக் கத்தியது.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, "பக்கத்து வீட்ல மீன் சமைக்கிறாங்களோ?" என்றார். என் அம்மா, "ஆமாங்க, ஆமாங்க" என்று பாய்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பூனை வரத்தானே செய்யும்? எவ்வளவு நாள் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போடுவது? உள்ளதைச் சொன்னேன். மீன் அறுக்கிறேன், குடல் எடுக்கிறேன், கரைக்கிறேன், ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாப்பிள்ளை கதிரேசன் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தார். பிறகு அவருடைய அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு கிரீஸ் வாசனை, அவங்களுக்கு மீன் வாசனை. ஒரே சோப்புல ரெண்டும் போயிடும்மா, விடுங்க."

பாலத்தடியில் சூசை

கதிரேசனோடு கல்யாணமான பிறகும் வேலையை விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் சூசையண்ணனைத் தெரிய வந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மரியதாஸின் பங்குக் கோயில்காரர். காலாங் ஓரத்துக் கம்போங் குடிசைகளில் இருந்தவர்களைப் பிடோக் அடுக்குமாடிக்கு மாற்றியபோது அவரும் மாறினார். ஆனால் அவருடைய தூண்டில் மாறவில்லை. காலையில் பேருந்து ஏறி, பழைய இடத்தில், முலாம் பூசும் கடையின் கழிவுக்குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அங்கேதான் மீன் நன்றாகக் கடிக்குமாம்.

எங்களுக்கும் அவர் மீன் கொடுப்பார். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறார் என்று தெரிந்த அன்றைக்கே அவரைத் தேடிக் கரைக்குப் போனேன். அவர் மகள் பிலோமினா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதென்று தினமும் அவளுக்கு அந்த மீன்தான். நான் கரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். "அண்ணே, இது கன உலோகம். கழுவினாலும் போகாது, வேக வச்சாலும் போகாது. பெரியவங்களைவிட வயித்துல இருக்கிற பிள்ளைக்குத்தான் கெடுதல்." அவர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மீன் ஒன்று கடித்தது. தூக்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். "கனம்தான் தங்கச்சி, நீ சொல்றது சரி. தேக்காவுல வாங்குற மீனு இப்படிக் கையில நிக்காது."

அடுக்குச் சட்டியில் வந்த சாம்பிள்

பிறகு அவருடைய மனைவி லூர்துமேரி அக்காவே சோதனைக்கூடத்துக்கு வந்தார். கையில் சாப்பாடு எடுத்துப்போகிற அடுக்குச் சட்டி. பின்னால் குனிந்த தலையோடு சூசை. "யாரு மீனைக் குத்தம் சொன்னது?" என்றார் அக்கா. நான் கையைத் தூக்கினேன். "மஞ்சள் போட்டுக் கழுவி, புளி கரைச்சு, தளதளன்னு கொதிக்க விட்டா எந்த விஷமும் நிக்காது. மேல் தட்டுல பச்சை மீனு, கீழ்த் தட்டுல அதே மீனைப் போட்ட குழம்பு. ரெண்டையும் மெஷின்ல போட்டுப் பாரு" என்று என் மேசையில் வைத்தார். மிஸ்டர் டானுக்கு ஒரே உற்சாகம். சோதனைக்கூடத்தில் அதற்கு முன் அப்படி ஒரு வாசனை அடித்ததே இல்லை. நான் குழம்பை அளந்து எடுத்துக் கரைக்கும்போது, மரியதாஸ் மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் துரத்த வேண்டியிருந்தது.

முடிவைப் பார்த்ததும் நான் தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதே முடிவு. மீனில் இருந்த காட்மியமும் பாதரசமும் குழம்பிலும் அப்படியே இருந்தன. மஞ்சளுக்கும் புளிக்கும் அசையவில்லை. ஆனால் காரீயம்? பச்சை மீனில் இருந்ததைவிடக் குழம்பில் பல மடங்கு! ஆற்றிலிருந்து வந்த மீன் சமையலறையில் எப்படி இன்னும் விஷமாகும்? "எதுல சமைச்சீங்கக்கா?" என்று கேட்டேன். அவர் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைச் சட்டி. அதற்குச் சமீபத்தில்தான் ஈயம் பூசியிருந்தது. தேக்காப் பக்கம் தெருவில் வந்த ஒருவர் மலிவாகப் பூசிக் கொடுத்தாராம். பூச வேண்டியது வெள்ளீயம். அந்த ஆள் விலை குறைந்த காரீயத்தைக் கலந்து பூசியிருக்கிறார். அதில் புளியை ஊற்றிக் கொதிக்க வைத்தால், பூச்சு முழுவதும் குழம்புக்குள் இறங்கத்தானே செய்யும்? நான் இதைச் சொல்லி முடித்ததும், அதுவரை தலை குனிந்திருந்த சூசை மெல்ல நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவர் மாதிரிச் சொன்னார்: "நான் பிடிச்ச மீனை உன் சட்டி கெடுத்துருச்சு பாத்தியா, லூர்து?"

மீனா, சட்டியா?

அவ்வளவுதான். சோதனைக்கூடத்தின் நடுவிலேயே ஆரம்பித்தது. "சட்டி எங்க அம்மா குடுத்தது!" என்றார் அக்கா. "ஆறு ஆண்டவர் குடுத்தது!" என்றார் சூசை. "என் சட்டிக்கு அந்த லோங்காங் சாக்கடைத் தண்ணியில பிடிச்ச மீனு ஈடாகுமா?" என்று அக்கா. "என் கெளுத்திக்கு அந்த ஓட்டைச் சட்டி ஈடாகுமா?" என்று சூசை. இரண்டையுமே விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எனக்கோ மனசெல்லாம் பிலோமினாவிடம் இருந்தது. இவர்கள் சண்டை தீருவதற்குள் அவள் இன்னும் எத்தனை வேளை சாப்பிடுவாளோ? சத்தமில்லாமல் வெளியே போய் அவளுக்குத் தொலைபேசினேன். இன்றைக்கு அந்த வீட்டில் எதையும் தொடாதே, நாளைக்கு மருத்துவரிடம் போய் ரத்தம் சோதித்துக்கொள் என்றேன். "அக்கா, பிள்ளை இப்பதான் உதைச்சது. நல்லாத்தானே இருக்கும்?" என்றாள். மருத்துவர் சொல்லுவார் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி உள்ளே வந்தால் சண்டை நடந்துகொண்டே இருந்தது. தமிழ் புரியாத மிஸ்டர் டான், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, பூப்பந்தாட்டம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "யார் ஜெயிக்கிறாங்க?" என்று மரியதாஸிடம் மெதுவாகக் கேட்டார். மரியதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்போதைக்குச் சட்டிதான் சார் முன்னாடி போகுது."

சாம்பாருக்கு வந்த விருந்தாளி

மருத்துவர் ரத்தம் சோதித்துப் பார்த்தார். பயப்படும்படி இல்லை, ஆனால் பிரசவம் வரைக்கும் அந்த மீனும் வேண்டாம், அந்தச் சட்டியும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பிலோமினா அப்பா பேச்சையும் கேட்கவில்லை, அம்மா பேச்சையும் கேட்கவில்லை. "பிள்ளை பிறக்கிற வரைக்கும் உங்க ரெண்டு பேர் கையாலயும் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு புளோக் தள்ளியிருந்த என் அம்மா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தாள். நான் கல்யாணமாகி ஈசூனுக்குப் போனதிலிருந்து சமைத்ததை ரசித்துச் சாப்பிட ஆள் கிடைக்காமல் என் அம்மாவுக்குக் கை பரபரத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கோ எதைப் போட்டாலும் "ம்" என்ற ஒரு சத்தம்தான் வரும்.

அம்மா சுரைக்காய்க் கூட்டென்ன, முருங்கைக்காய்ச் சாம்பாரென்ன, எவர்சில்வர்ப் பாத்திரமெல்லாம் பளபளவென்று அடுக்கி வைத்து அமர்க்களப்படுத்தினார். பிலோமினாவும் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "அந்தப் பொண்ணு என்ன ருசிச்சுச் சாப்பிடுது பார், நீயும்தான் இருந்தியே!" என்று எனக்குத் தொலைபேசியில் வசவு. ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். பிலோமினா கடைசி வாய்ச் சாம்பார்ச் சோற்றைக் கண்ணை மூடி ரசித்தாள். அம்மா புகழ்ச்சிக்காகப் பக்கத்திலேயே காத்து நின்றார். அவள் விரலை நக்கிக்கொண்டு மனசாரச் சொன்னாள்: "அம்மா, உங்க சாம்பார் மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்ல. இதுல மட்டும் ரெண்டு துண்டு மீன் கிடந்துச்சுன்னா!"

ஞானஸ்நான விருந்து

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மரியதாஸின் பாடற்குழுவையே அமுக்குகிற குரல். ஞானஸ்நானம் முடிந்து புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு விருந்து. பித்தளைச் சட்டிக்கு லூர்துமேரி அக்கா மண் நிரப்பி ரோஜா வைத்துவிட்டார். சமையலெல்லாம் புது எவர்சில்வரில். மீன் தேக்காச் சந்தையில் வாங்கியது. ஆனால் நான் உட்கார்ந்த மேசைக்கு ஒவ்வொருவராகத் தட்டை ஏந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். "இதைச் சாப்பிடலாமா?", "தலைப் பக்கமா, வால் பக்கமா?", "இறால் பரவாயில்லையா?" சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் இந்தத் தொல்லை உங்களுக்கும் இருந்திருக்கும். மருத்துவர் விருந்துக்குப் போனால் அவரிடம் நாக்கை நீட்டுவார்கள், எங்களிடம் மீனை நீட்டுவார்கள். மீனே தின்னாத நான் கடைசிவரை மற்றவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் தயிர்ச்சோறு காய்ந்துவிட்டது.

சூசையண்ணன் மட்டும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றுப் பக்கம் இப்போதும் போகிறாரா என்று கேட்டேன். போகிறாராம். பிடிக்கிறாராம். கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாராம். பாலத்தடியில் மற்றவர்கள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று சிரிக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் வாடியது. குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டு, "சிரிக்கட்டும் தங்கச்சி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிடிக்கிற சந்தோஷத்துல உலோகம் ஒண்ணும் ஏறாதுல்ல?"

எண்கள் இறங்கிய போது

எண்பதுகளின் நடுவில் பட்டறைகளையும் முலாம் கடைகளையும் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அடியில் கிடந்த சேற்றை வாரினார்கள். தண்ணீரின் நிறம் மாறியது. மீன்களின் எண்களும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. ஒவ்வொரு மாதமும் மிஸ்டர் டான் சுவரில் ஒட்டிய கோட்டுப்படத்தைப் பார்த்துச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ஒருநாள் அவர் சிரிக்காமல் வந்து, ஆற்று மீன் சோதனை அடுத்த ஆண்டிலிருந்து இவ்வளவு தேவைப்படாதாம், ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். மரியதாஸ் தன் ரப்பர் காலணிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "ஆறு பிழைச்சிருச்சு லா, நாமதான் காலி."

நோயாளி எழுந்து நடந்துவிட்டால் வைத்தியருக்குப் பெயராவது மிஞ்சும்; ஆற்று மீன் சோதித்தவர்களுக்குக் கடைசிவரை மிஞ்சியது வாசனையும், எங்கே குடிபோனாலும் வாசலுக்கு வந்துவிடுகிற பூனைகளும்தான்.